தகுதி பெற்ற குதிகால்

நான்கு ஆண்டுகளாக ஓர் எலக்ட்ரான்கூட ஏறவில்லை.

இதில் மையத்தின் தவறு எதுவும் இல்லை என்று மூன்று கமிட்டிகள் அறிக்கை கொடுத்திருந்தன. மரக்காணம் உப்பளத்தில் தொண்ணூறு ஏக்கர் பாத்திகளை மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் தேசிய அலைமுடுக்கி ஆய்வு மையத்தை எழுப்பியாயிற்று. லேசர் வந்தது. லேசர் அறைக்குக் குளிர்சாதனம் வந்தது. முதல் குளிர்சாதனத்தை உப்புக்காற்று அரித்துத் தின்றதும் இரண்டாவது வந்தது. வாசலில் கருங்கல்லில் பெயர் வெட்டினார்கள். எலக்ட்ரான் மட்டும் வரவில்லை.

கண்ணாடியையும் இரும்பையும் உப்புக்காற்று கெடுத்துவிடும் என்று தெரிந்தும் ஏன் இங்கே கட்டினீர்கள் என்று யாராவது கேட்டால், "நிலம் சும்மா கிடந்தது" என்று பதில் வரும். சும்மா கிடந்த அந்த நிலத்தில் அப்போது நூற்றுப் பத்துப் பேர் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் தனக்கோடி. வயது நாற்பத்தாறு. பாத்தியை விட்டுக்கொடுக்கும் குடும்பத்துக்கு ஒரு நிரந்தர வேலை என்று பந்தல் போட்டு மைக்கில் சொன்னார்கள். அவரும் கையெழுத்துப் போட்டார். வேலை அன்றைக்கே கிடைத்தது. நிரந்தரம் பின்னால் வரும் என்றார்கள். ஆறு வருஷமாக லேசர் அறையில் தரை துடைத்து, கேஸ் சிலிண்டர் உருட்டி, பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வேலையைவிட்டு நீக்கப்பட்டு, மறுநாள் காலை மறுபடி சேர்க்கப்பட்டு, ஒப்பந்த உதவியாளராகவே இருந்தார்.

மனைவி அம்சவள்ளி தெற்கே வேறொருவர் பாத்தியில் இன்னும் உப்பு வாரினாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உப்பளத்தில் மூன்று நான்கு மாதம் வேலை கிடையாது. அந்த மாதங்களில் அடுப்பு எரிவது தனக்கோடியின் சம்பளத்தில்தான். இந்த வருஷம் ஒப்பந்த ஆட்களைப் பாதியாகக் குறைக்கப் போவதாக நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியிருந்தது. ஐப்பசிக்குள் நிரந்தர ஆணை கைக்கு வராவிட்டால் அவர் வெளியே.

லேசர் அறையில் அவரை ஒரு மனிதராக மதித்துப் பேசிய ஒரே விஞ்ஞானி சித்தார்த்தன். வானூர்க்காரன், இருபத்தொன்பது வயது. ஆட்கள் முன்னால் தனக்கோடி அவனை "சார்" என்பார். தனியாக இருந்தால் "தம்பி". ஒருநாள் கேட்டேவிட்டார்.

"தம்பி, தெனம் டொப்பு டொப்புன்னு லேசர அடிக்கிறீங்களே. இன்னாதான் வரணும் அதுல?"

"அண்ணா, ஈ.சி.ஆர்ல பாண்டி பஸ்ஸு வருது. நம்ம ஊர்ல ஸ்டாப்பிங் இல்ல. நீங்க எப்படி ஏறுவீங்க?"

"ஸ்பீட் பிரேக்கர்ல கொஞ்சம் தடுமாறுவான். அப்ப தொத்திக்குவேன்."

"அவ்ளோதாண்ணா. கேஸுக்குள்ள லேசர அடிச்சா ஒரு அலை ஓடும். அதான் பஸ்ஸு. எலக்ட்ரான் அதுல தொத்திக்கிச்சுன்னா ஒரு விரக்கடை தூரத்துல பயங்கர ஸ்பீடு எடுத்துரும். நம்ம பஸ்ஸு தடுமாறவே மாட்டேங்குது. எலக்ட்ரான்லாம் ரோட்டோரமா நின்னு வேடிக்க பாக்குது."

"அப்ப நீயும் ஒரு ஸ்பீட் பிரேக்கர் போடேன்."

"அதுக்குத்தான் ஒரு பிளேடு வேணும்னு எழுதிக் குடுத்து ரெண்டு வருஷமாவுது."

குழாய் முனையிலிருந்து பீச்சும் வாயுவின் ஓரத்தில் ஒரு பிளேடை நீட்டிவிட்டால் அந்த இடத்தில் வாயுவின் அடர்த்தி சட்டென்று குறையும். அலை அங்கே ஒரு கணம் தடுமாறும். எலக்ட்ரான்கள் ஏறிக்கொள்ளும். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் சாதாரணமாகச் செய்கிற வேலைதான்.

சித்தார்த்தன் "பிளேடு – ஒன்று" என்று எழுதிக் கொடுத்திருந்தான். கொள்முதல் கமிட்டி முதலில், ஏன் ஒன்று என்று கேட்டது. பிறகு, ஒன்றுக்கு ஏன் கமிட்டி என்று கேட்டது. முகச்சவரப் பொருட்களை அலுவலகச் செலவில் வாங்கக் கூடாது என்ற பழைய சுற்றறிக்கையை ஒருவர் எடுத்து வைத்தார். இது முகத்துக்கு அல்ல என்று சித்தார்த்தன் எழுதிக் கொடுத்தான். அப்படியானால் எந்த அங்கத்துக்கு என்று விளக்கம் கேட்டார்கள். கடைசியில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். வந்த பெட்டியைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு என்று முடிவாகாமல் அது பதினான்கு மாதம் கிடங்கில் இருந்தது. திறந்தபோது உள்ளே துரு மட்டும் இருந்தது. பெட்டிக் கடையில் வாங்கி மாட்டிவிடலாம் என்றால், இருப்புப் பதிவேட்டில் ஏறாத எதுவும் கருவிக்குள் போகக் கூடாது.

சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை. அடுத்த வாரம் டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது, எலக்ட்ரான் இல்லையென்றால் மையத்தையே மூடிவிடுவார்கள் என்று செய்தி வந்திருந்தது. சித்தார்த்தன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தரை துடைத்துக்கொண்டிருந்த தனக்கோடி, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் உறைக்குள் விரலைவிட்டு, காகிதத்தில் சுற்றிய அரை பிளேடு ஒன்றை எடுத்தார்.

"இது ஆவுமா பாரு தம்பி."

"இது ஏதுண்ணா?"

"கால் செதுக்குறது."

உப்பளத்தில் நின்றவர்கள் எல்லோரிடமும் ஓர் அரை பிளேடு இருக்கும். உப்புத்தண்ணீரில் குதிகால் மரக்கட்டையாகி வெடிக்கும். செத்த தோலை வாரம் ஒருமுறை சீவி எடுக்காவிட்டால் வெடிப்பு சதை வரை போகும். பாத்தியை விட்டு ஆறு வருஷமாகியும் தனக்கோடிக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

சித்தார்த்தன் கதவைப் பார்த்தான். பிளேடை வாங்கி, ஸ்பிரிட்டில் துடைத்து, கருவிக்குள் மாட்டினான். பதினொன்று நாற்பதுக்கு லேசர் அடித்தது. திரையில் பச்சையாக ஒரு பொட்டு விழுந்தது.

"ஏறிடுச்சுண்ணா" என்றான் சித்தார்த்தன்.

"அவ்ளோதானா" என்று கேட்டுவிட்டு தனக்கோடி மீதித் தரையைத் துடைத்தார்.

இயக்குநர் டாக்டர் திருமுருகன் பத்து நிமிடத்தில் வந்தார். பொட்டைப் பார்த்தார். பிளேடு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சித்தார்த்தன் உண்மையைச் சொன்னான். இயக்குநர் வெகுநேரம் யோசித்தார். பெட்டிக் கடையில் கிடைக்கும் ஒரு பொருள் இல்லாமல் நான்கு வருஷம் ஒரு மையத்தை நடத்தினோம் என்று வெளியே சொல்ல முடியாது. ஆகவே இது பெட்டிக் கடையில் கிடைக்காத பொருளாக இருந்தாக வேண்டும்.

"உங்க காலைக் காட்டுங்க" என்றார் தனக்கோடியிடம்.

டெல்லிக் குழு வந்த அன்று அவர் ஆற்றிய உரையை மையம் சிறு புத்தகமாக அச்சிட்டது.

"நான்கு ஆண்டுகள் எலக்ட்ரான் வரவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். வராமல் இருப்பதற்கும் திட்டமிடல் வேண்டும். அந்தத் திட்டமிடல் நம்மிடம் இருந்தது. இது சாதாரண பிளேடு அல்ல. உப்பில் ஊறி இறுகிய குதிகாலில் தேய்ந்து தேய்ந்து, இயற்கையே பதப்படுத்திய விளிம்பு. மூன்று மில்லிமீட்டர் ஆழமுள்ள வெடிப்பால் மட்டுமே இந்த விளிம்பை உருவாக்க முடியும். இப்படிப்பட்ட குதிகால் வளர்ந்த நாடுகளில் கிடையாது. அங்கே எல்லோரும் செருப்புப் போடுகிறார்கள். இந்தத் தொழிலாளியின் நிலத்தை எடுத்தபோது அவர் வருந்தியிருக்கலாம். இன்று அவருடைய காலையும் எடுத்துக்கொண்டு அந்த வருத்தத்தைத் துடைத்துவிட்டோம்."

மூன்று மில்லிமீட்டர் என்பது அவர் கண்ணால் பார்த்துச் சொன்ன அளவு. அது ஆய்வுக் கட்டுரையில் ஏறியது.

அன்று மாலை தனக்கோடி தன் பிளேடைத் திருப்பிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கால் சீவ வேண்டும். மறுநாள் காலை நிர்வாக அதிகாரி ஜெரால்டு அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் இரண்டு மெமோக்கள் இருந்தன.

"இது உங்க பிளேடா?"

"ஆமாங்க சார்."

"அப்ப பாதுகாக்கப்பட்ட எடத்துக்குள்ள ஆயுதம் கொண்டாந்தத ஒத்துக்கறீங்க."

"ஆயுதம் இல்லீங்க சார். கால் செதுக்குறது."

"சரி, உங்களுது இல்லன்னே வெச்சுக்குவோம். அப்ப அது மையத்தோட பிளேடு. அத எடுத்துட்டுப் போகப் பாத்தது திருட்டு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. உங்களுக்குச் சௌகரியமானத எழுதிக்கலாம். நான் யாரையும் கட்டாயப்படுத்துற ஆள் இல்ல."

"எதுல சார் வேலை போவாது?"

"ரெண்டுலயும் போகும். ஆயுதம்னா பென்ஷனும் சேந்து போகும்."

"எனக்குத்தான் பென்ஷனே இல்லீங்களே சார்."

"பாத்தீங்களா. அப்ப ஆயுதமே எழுதிக்குங்க. உங்களுக்கு நஷ்டமே இல்ல."

தனக்கோடி கையெழுத்துப் போட்டார். வேலை போகாமல் அவரைக் காப்பாற்றியது உப்புக்காற்று. பதினோராம் நாள் அந்த அரை பிளேடும் துருப்பிடித்து உதிர்ந்தது. பொட்டு மறைந்தது. கட்டுரையில் சொன்ன மாதிரி இன்னொரு பிளேடு வேண்டும்; அதற்கு அந்தக் குதிகால் வேண்டும்.

குதிகால் மதிப்பீட்டுக் கமிட்டி கூடியது. ஒரு பேராசிரியர், ஒரு கணக்கு அதிகாரி, ஒரு தோல் மருத்துவர். தனக்கோடியின் வலது குதிகாலை ஸ்டூல்மேல் வைக்கச் சொல்லி மூன்று இடத்தில் அளந்தார்கள். ஆழமான வெடிப்பு ஒன்று புள்ளி ஒன்று மில்லிமீட்டர்தான். ஆறு வருஷம் மையம் கொடுத்த ரப்பர் ஷூ போட்டதில் கால் மெத்தென்று ஆகியிருந்தது. ஷூவைக் கொடுத்தது யார் என்று விசாரிக்க ஒரு துணைக் கமிட்டி அமைத்தார்கள்.

"தனக்கோடி, உங்க நிரந்தர ஆணை டைப் ஆகி எங்கிட்ட இருக்கு" என்றார் ஜெரால்டு. எடுத்துக் காட்டவும் செய்தார். பெயர், அப்பா பெயர், பதவி எல்லாம் இருந்தது. பதவியின் பெயர் 'குதிகால் உதவியாளர், நிலை – இரண்டு'. "மெமோவ நான் பாத்துக்கறேன். மூணு மில்லிமீட்டர் வந்த அன்னிக்கி டைரக்டர் கையெழுத்துப் போட்டுருவார்."

வைகாசி முதல் நாள் விளிம்புப் பதப்படுத்தும் பிரிவு தொடங்கியது. லேசர் அறைக்கு வெளியே வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்தார்கள். மையத்தின் மதிலுக்கு வெளியே பாத்தி பாத்தியாக உப்புத்தண்ணீர் கிடந்தது. ஆனால் அது பதிவேட்டில் இல்லாத தண்ணீர். ஆகவே சென்னையிலிருந்து உப்பு மூட்டை வரவழைத்து, குடிதண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். தனக்கோடி காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை அதில் நின்றார். தொட்டியின்மேல் ஓர் எண். அவருடைய வலது காலுக்கு ஓர் எண். இடது கால் திட்டத்தில் இல்லாததால் அதை வெளியே எடுத்து வைக்கச் சொன்னார்கள். ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை என்று அவர் மனு கொடுத்தார். பதினெட்டு நாள் கழித்து இடது காலுக்குப் பார்வையாளர் அனுமதி கிடைத்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து காட்டினார்கள். ஓர் ஆசிரியை, "எல்லாரும் சாருக்கு வணக்கம் சொல்லுங்க" என்றார். பிள்ளைகள் தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

தனக்கோடிக்கு நான்கு வருஷமாகச் சர்க்கரை இருந்தது. மருத்துவத் தகுதி கெட்டுவிடும் என்று அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, தொட்டியில் நின்ற தனக்கோடியைத் தவிர மையத்தில் ஆள் இல்லாத மதியம், சித்தார்த்தன் பஸ் ஸ்டாண்டுக் கடையில் புது பிளேடு ஒரு பாக்கெட் வாங்கி வந்து ஒன்றைக் கருவியில் மாட்டினான். பொட்டு விழுந்தது. முந்தையதைவிடப் பளிச்சென்று விழுந்தது. பிளேடை மாற்றி மாற்றி ஐந்து முறை பார்த்தான். ஐந்து முறையும் விழுந்தது. தொட்டியண்டை வந்து குந்தினான்.

"அண்ணா, எந்த பிளேடா இருந்தாலும் வருது. எங்க வெக்கிறோங்கறதுதான் விஷயம். உங்க காலுக்கும் அதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. எறங்குங்க மொதல்ல."

தனக்கோடி இறங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இத யார்ட்டயாவது சொல்லிட்டியா?"

"திங்கக்கெழம ரிப்போர்ட் குடுக்கப் போறேன்."

"என் ஆர்டர் வந்தப்புறம் குடேன் தம்பி."

"அண்ணா, புரியுதா உங்களுக்கு? நீங்க சும்மா நிக்கிறீங்க. வேஸ்ட்டுண்ணா."

"ஆறு வருசமா சும்மாதான நிக்கிறேன். ரெண்டு புள்ளி நாலு வந்துடுச்சு. இன்னும் அர மில்லிமீட்டர் சொச்சந்தான். அந்தக் காயிதம் கைக்கு வந்துடட்டும், அப்புறம் நீ எலக்ட்ரான ஏத்து, எறக்கு, எங்கியாவது கூட்டினு போ. அதுவரைக்கும் வாயத் தொறக்காத. ஒன் காலுல வுழுந்து கேக்கறேன். தொட்டிய வுட்டு வெளிய வந்தா சம்பளம் புடிப்பான், இல்லன்னா இப்பவே வுழுவேன்."

சித்தார்த்தன் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. ஆடி மாதம், தனக்கோடியின் காலிலிருந்து ஒரு வாடை வராந்தாவில் அடிக்க ஆரம்பித்த பிறகு, பொறுக்க மாட்டாமல் அறிக்கை கொடுத்தான். இயக்குநர் அதைப் படித்துவிட்டு அவனை உட்காரச் சொன்னார்.

"நீ பாத்தது எலக்ட்ரானா இருக்கலாம்ப்பா. நான் இல்லேங்கல. ஆனா அது நம்ம எலக்ட்ரான் இல்ல. நம்ம எலக்ட்ரான் எப்படி ஏறும்னு கட்டுரையில எழுதியிருக்கு. வேற வழியில ஏறினது எல்லாம் அனுமதி இல்லாம ஏறினது. கடையில வாங்கின பிளேடுல எலக்ட்ரான் வரும்னா, இருபத்திரண்டு பேர் வேலை பாக்கற பதப்படுத்தும் பிரிவு எதுக்கு? நான் எதுக்கு? யோசிச்சுப் பாரு. நீ எதுக்கு?"

அனுமதியற்ற எலக்ட்ரான்களை உள்ளே விட்டதற்காகச் சித்தார்த்தனுக்கு மெமோ வந்தது. அவனை நூலகத்துக்கு மாற்றினார்கள். மையத்தில் நூலகம் இன்னும் கட்டப்படவில்லை; கட்டப்போகும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டில் அம்சவள்ளி சோற்றுத் தட்டை வைத்துவிட்டு மூக்கைப் பிடித்தாள்.

"யோவ், காலு நாறுது. காட்டு."

"உப்பு வாடடி."

"எனக்கே உப்பு வாட சொல்லித் தர்றியா? கட்டவெரலு கருத்துப் போயிக்கீது. நாளிக்கு ஆசுபத்திரிக்குப் போலாம்."

"திங்கக்கெழம அளக்குறாங்க. ரெண்டு புள்ளி ஒம்போதுல நிக்குது. இப்பப் போயி கட்டு கட்டுனா எல்லாம் ஆறிப் பூடும்."

"ஆறுனா நல்லதுதான?"

அவர் தட்டை இழுத்து வைத்துச் சோற்றைப் பிசைந்தார்.

திங்கட்கிழமை அளந்தார்கள். மூன்று புள்ளி இரண்டு. தனக்கோடிக்கு அப்போது நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். கமிட்டி கைதட்டியது. இயக்குநர் அவருக்குச் சால்வை போர்த்தினார். வெள்ளிக்கிழமை விழா வைத்து ஆணையைக் கொடுப்பதாக முடிவாயிற்று. அழைப்பிதழில் அவர் பெயர் ஆறாவது இடத்தில் இருந்தது.

புதன்கிழமை காலை அவருக்கு நினைவு தப்பியது. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் உயிர் போயிருக்கும் என்று சொல்லி, கணுக்காலுக்கு மேலே வலது காலை எடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. ஆணையை ஒரு தட்டில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை ஜெரால்டு சாத்துக்குடிப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் தனக்கோடி, கீழே பாயில் அம்சவள்ளி.

"எல்லாம் நல்லபடியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஜெரால்டு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "ஒரு சின்ன விஷயம். உங்க வலது கால் நம்ம இருப்புப் பதிவேட்டுல இருக்கு. இப்ப அது இருப்புல இல்ல. தணிக்கைக்கு வந்தா கேப்பாங்க. பயன்படாத பொருள்னு கழிச்சிட்டதா ஒரு கையெழுத்து வேணும்."

"கால எங்க வெச்சீங்கன்னு கேப்பாங்களா சார்?" என்றாள் அம்சவள்ளி.

"கேப்பாங்கம்மா. பொருளை நேர்ல காட்டணும்னு விதி இருக்கு. நான் பேசி, ஆஸ்பத்திரி சீட்டுப் போதும்னு சொல்லியிருக்கேன். உங்களுக்காகத்தான்."

தனக்கோடி கையெழுத்துப் போட்டார். பிறகு கேட்டார். "ஆர்டரு சார்?"

"அது ரெடியாத்தான் இருக்கு. குதிகால் உதவியாளர் பதவிக்கு வலது குதிகால் கட்டாயத் தகுதி. அது மட்டும்தான் இப்ப இடிக்குது."

புரட்டாசி பிறந்தது. வடகிழக்கே மேகம் சேர ஆரம்பித்தது. உப்பளத்தில் கடைசி உப்பை வாரிக் குவித்துப் பனையோலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலை பத்து மணிக்கு மையத்தின் ஜீப் அம்சவள்ளி வேலை செய்த பாத்தியின் வரப்பில் வந்து நின்றது. இயக்குநர், ஜெரால்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஒரு காவலாளி. பின்சீட்டிலிருந்து தனக்கோடியை இறக்கி ஊன்றுகோலைக் கொடுத்தார்கள்.

இயக்குநர் பாத்தியில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"மையம் இரக்கமுள்ளது. ஒரு கால் போனதும் ஒரு குடும்பத்தைக் கைவிட்டுவிடும் நிறுவனம் அல்ல. அந்தக் குடும்பத்தில் இன்னும் மூன்று கால் இருக்கிறது என்று நாங்கள் பார்த்தோம். இவருடைய மனைவிக்குக் குதிகால் உதவியாளர் பதவி, நிரந்தரமாக. இவருக்கு வாசலில் உட்கார்ந்து செய்கிற வேலை, அதுவும் நிரந்தரமாக. இந்த முறை வெளியிலிருந்து அளக்க வேண்டாம், அனுபவம் உள்ளவரே பார்த்துச் சான்று தரட்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. அந்த அனுபவம் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது."

இரண்டு ஆணைகளும் ஜெரால்டின் கையில் காற்றில் படபடத்தன. தனக்கோடி எட்டிப் பார்த்தார். இரண்டிலும் கையெழுத்து இருந்தது. முத்திரையும் இருந்தது.

அம்சவள்ளி உப்பு வாரும் பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு வந்தாள். "மழ வரப் போவுது" என்றாள், புருஷனிடம் மட்டும். சேலையைக் கொஞ்சம் தூக்கி, ஸ்டூல்மேல் வலது காலை வைத்துக் குதிகாலைத் திருப்பிக் காட்டினாள்.

தனக்கோடி தரையில் உட்கார்ந்து அந்தக் காலைக் கையில் வாங்கினார். இருபத்தாறு வருஷமாக அந்தக் கால் உப்பில் நிற்கிறது. வெடிப்புக்குள் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தி வைக்கலாம். மூன்றரைக்குக் குறையாது. நாலுகூட இருக்கும். விரலை உள்ளே ஓட்டிப் பார்த்தார். அவளுக்கு வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"ஆவாது சார்" என்றார்.

"நல்லாப் பாருங்க" என்றார் இயக்குநர்.

"பாத்துட்டேன் சார். மெத்துக் காலு. இது ஒண்ணுத்துக்கும் ஒதவாது."

ஜெரால்டு குனிந்தார். "தனக்கோடி, இவங்களுக்கு இல்லன்னா உங்களுக்கும் இல்ல. ரெண்டும் ஒரே ஃபைலு."

"சரிங்க சார்."

அம்சவள்ளி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "யோவ், கண்ணு தெரியலியா ஒனக்கு? இருவத்தாறு வருசம் உப்புல நின்ன காலு மெத்துக் காலா?"

"ஆமா. நீ போயி வேலயப் பாரு."

அவள் பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். ஜெரால்டு இரண்டு ஆணைகளையும் இரண்டிரண்டாகக் கிழித்தார்.

இயக்குநர் ஜீப்பில் ஏறப் போனவர் நின்றார். வரப்பு நெடுக இருபது, முப்பது பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். நிரந்தரம் என்ற சொல் காதில் விழுந்ததும் வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள். பெண்கள் சேலையையும் ஆண்கள் கைலியையும் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாத்தித் தண்ணீரிலேயே கால் கழுவியிருந்தார்கள். எல்லாக் குதிகாலும் இயக்குநரை நோக்கித் திரும்பியிருந்தது.

தனக்கோடி ஊன்றுகோலைப் பிடித்துத் தடுமாறி எழுந்தார்.

"ஏம்பா, யாரும் காட்டாதீங்க. எந்த பிளேடா இருந்தாலும் வருதாம். காலுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல. சித்தார்த்தன் தம்பி கண்ணால பாத்துட்டு எங்கிட்ட சொன்னான்."

"எப்ப சொன்னான்?" என்று வரிசையின் முதலில் நின்ற விருத்தாம்பாள் கேட்டாள்.

"ஆனி மாசம்."

"ஆனி மாசமே தெரிஞ்சிதான் ஆடி மாசம் பூரா தொட்டியில நின்னியா? ஒம் பொண்டாட்டிக்குக் கெடைக்கலன்னதும் ஊர்ல ஒருத்தருக்கும் கெடைக்கக் கூடாதுன்னு வயித்தெரிச்சல். தள்ளு அந்தாண்ட."

காவலாளி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தான். விருத்தாம்பாள் காலை ஏற்றி வைத்தாள். இயக்குநர் அளவுகோலோடு மண்டியிட்டார்.

"இன்னும் கொஞ்சம் நல்லா விரிங்க" என்றார்.

அவள் இரண்டு கையாலும் வெடிப்பை விரித்துப் பிடித்தாள். ரத்தம் வந்தது.

"மூன்று புள்ளி ஏழு" என்று இயக்குநர் சொன்னார். வரப்பில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.